பதினாறா, அறுபதா?

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா தறி நெய்கிறார். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரம் வந்தாலே எனக்குக் கை நடுங்கும். இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல வராது. போன மாதம் ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து சிஸ்டரே வந்து பார்த்து, நோயாளிகள் எதிரிலேயே என்னைத் திட்டினார். "உனக்கு கம்யூனிகேஷனே வராது, நீயெல்லாம் எதுக்கு இந்தக் கோர்சுக்கு வந்தே?" என்றார். அதே வாரம் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வந்திருக்கிறது கேன்சர் கட்டியா, நீயாவது சொல்லும்மா" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைம்மா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதுவும் தப்போ என்று இப்போது உறுத்துகிறது. இங்கிலீஷ் வராதவள் நர்ஸ் ஆக முடியுமா?
ஒரு மாணவி, வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்தது என்னுள் இருக்கும் டீச்சர். யார், எந்த ஊர், என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், எதைச் செய்யாமல் விட்டாய், இப்போது உனக்கு என்ன வேண்டும் என்று எல்லாம் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் வந்துவிட்டது. ஹேண்டோவரில் நாங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். அதனால் உனக்கு கம்யூனிகேஷன் வராது என்ற தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் பக்கத்தில் கால் மணி நேரம் பேசாமல் நின்றாயே, அது தப்புதான். அதற்கும் வருகிறேன்.

முதலில் என் கதை ஒன்று. நான் கான்வென்ட்டில் படித்தவள். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு மெடிக்கல் வார்டில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். ஒரு நோயாளிக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வேறு வார்டில் ஏதோ அவசரத்தில் இருந்தார். இன்சுலின் இத்தனை யூனிட் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் காதில் விழுந்தது 'சிக்ஸ்டி'. "எஸ் டாக்டர்" என்று டக்கென்று சொல்லிவிட்டு நானும் வைத்துவிட்டேன்.

நம் ஊரில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்பது உனக்குத் தெரியும். அதற்கான சிரிஞ்சில் கோடு 40-உடன் முடிந்துவிடும். ஒன்றை நிரப்பினேன், போதவில்லை. இரண்டாவதைப் பிரித்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெட்பேன் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன ஆயாம்மா டிரேயைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னா சிஸ்டர், எப்பவும் ஒரு ஊசிதான போடுவீங்க, இன்னிக்கு இன்னா ரெண்டு?" என்றார்.

திரும்பவும் போன் போட்டேன். டாக்டர் சொன்னது 'சிக்ஸ்டீன்'. பதினாறு!

அறுபது யூனிட் உள்ளே போயிருந்தால் அந்த மனிதருக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும். தூங்குகிறார் என்று நினைத்து நாங்கள் விட்டிருப்போம். அன்றைக்கு ராத்திரி என் கை நடுங்கியது இருக்கிறதே, உன் ஹேண்டோவர் நடுக்கமெல்லாம் அதன் பக்கத்தில் வராது.

சரளம், உச்சரிப்பு, இலக்கணம் எல்லாம் என்னிடம் இருந்தது. விஷயம்தான் போய்ச் சேரவில்லை. அஞ்சாவதோடு நின்றுவிட்ட ஆயாம்மா, கண்ணில் பட்டதை வாய்விட்டுக் கேட்டார். அந்த வார்டில் அன்றைக்குக் கம்யூனிகேஷன் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். நீ பார்த்தது, கேட்டது, செய்தது எதுவோ அது சிந்தாமல் சிதறாமல் அடுத்த ஆளிடம் சேர வேண்டும், சேர்ந்ததா என்று நீ சரிபார்க்க வேண்டும். நம் தொழிலில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே அவ்வளவுதான். மேடைப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். போனில் எந்த ஆர்டர் வந்தாலும் கேட்கும்போதே எழுதுவேன், எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுவேன், 'ஆமாம்' என்று அவர் வாயால் வந்த பிறகுதான் போனை வைப்பேன். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்வேன்: "ஒன், சிக்ஸ். சிக்ஸ்டீன் யூனிட்ஸ்." இங்கிலீஷில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி கேட்கும். தமிழில் பதினைந்தையும் ஐம்பதையும் யாராலும் குழப்பிக்கொள்ள முடியாது. அதனால் டாக்டர் தமிழ்க்காரராக இருந்தால் "பதினாறு, சரிதானே டாக்டர்?" என்று தமிழிலும் ஒருமுறை கேட்டுவிடுவேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். மாணவியாக இருக்கும்வரை நீ போனில் ஆர்டர் வாங்கவே கூடாது, ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்துவிடு. ஆனால் பழக்கம் இப்போதே வரட்டும்.

எழுத்திலும் இதே கதைதான். யூனிட் என்பதற்கு வெறும் 'யு' போட்டால், 10-க்குப் பக்கத்தில் அந்த எழுத்து ஒரு சுழியாகி 100 என்று படிக்கப்படும். முழுசாக எழுது. 1 என்றால் 1 என்று எழுது, 1.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் அது 10. அரை என்றால் 0.5, முன்னால் இருக்கும் சுழியை விடாதே.

சரி, உன் பெரியவருக்கு வருவோம்.

'ஏதோ சரியில்லை என்று தோன்றியது' என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தோன்றலை மதிக்கக் கற்றுக்கொள். காலையிலிருந்து அவர் முகத்தை நாலு தடவை பார்த்தவள் நீ. ரவுண்ட்ஸில் அரை நிமிஷம் நின்றுவிட்டுப் போகும் டாக்டருக்குத் தெரியாத மாற்றம் உனக்குத் தெரியும். அப்படித் தோன்றிய நொடியில் வாக்கியம் தேடாதே. "சிஸ்டர், 12-ஆம் பெட்டுக்குக் கொஞ்சம் வாங்க, இப்பவே" என்று தமிழில் கூப்பிட்டிருந்தால் போதும். ஆபத்து நேரத்தில் எந்த சிஸ்டரும் இலக்கணம் பார்க்க மாட்டார். அந்தக் கால் மணி நேரத்தை உன்னிடமிருந்து பறித்தது இங்கிலீஷ் இல்லை, இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்.

பதற்றமில்லாத நேரத்தில் சொல்ல ஒரு வரிசை இருக்கிறது. எஸ்.பி.ஏ.ஆர். (சிச்சுவேஷன், பேக்கிரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமென்டேஷன்) என்று பாடத்தில் வந்திருக்கும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை அது. கப்பலுக்குள் வளவளவென்று பேச நேரமில்லை பார். நான் மாணவிகளுக்கு இதைத் தமிழில் நாலு கேள்வியாகத்தான் சொல்லிக்கொடுப்பேன்: இப்போ என்ன? இதுக்கு முன்னாடி என்ன? நீ என்ன நினைக்கிறே? உனக்கு என்ன வேணும்?

வழக்கமாக மாணவிகள் வந்து சொல்வது இப்படி இருக்கும்: "சிஸ்டர், அந்தத் தாத்தா ஒரு மாதிரி டல்லா இருக்காரு, காலையில நல்லாத்தான் பேசினாரு, அவர் பொண்ணு கூட வந்திருந்தாங்க, இட்லி கூட சாப்பிட்டாரு, இப்ப என்னன்னு தெரியலை..." சிஸ்டர் கையில் மருந்து டிரே, இன்னொரு பக்கம் அட்மிஷன். 'டல்' என்ற வார்த்தை அவர் காதுக்குள் போகாது.

அதையே இப்படிச் சொல்லிப் பார்: "சிஸ்டர், பெட் 12. பல்ஸ் 118, பிபி 90/60. காலையில 130/80 இருந்தது. ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். கை சில்லுனு இருக்கு, வேர்க்குது, காலையிலேருந்து ஒண்ணுக்குப் போகலை. உள்ளே ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு. நீங்க இப்ப வந்து பாக்கணும்."

இதில் எத்தனை இங்கிலீஷ் வார்த்தை? ஆனாலும் சிஸ்டர் டிரேயைக் கீழே வைத்துவிட்டு வருவார். அவரை நகர்த்துவது 118-உம் 90-உம். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. நம் பெண்கள் தகவலைச் சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். பெரியவர்களிடம் 'நீங்க வாங்க' என்று சொல்வது மரியாதைக் குறைவோ என்ற கூச்சம். மரியாதையைக் குரலில் வைத்துக்கொள், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு.

எண் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். எந்த வார்டுக்குப் போய் சார்ட்டை எடுத்தாலும் மூச்சு எண்ணிக்கை 20, 20, 20 என்று வரிசையாக இருக்கும். முப்பது நோயாளியும் சொல்லி வைத்தாற்போல நிமிஷத்துக்கு இருபது தடவை மூச்சு விடுகிறார்களா? யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். உடம்பு சரிய ஆரம்பிக்கும்போது பிபி இறங்குவதற்கு முன்னாலேயே பல பேருக்கு மூச்சு வேகம் கூடிவிடும். எல்லாரும் 20 என்று எழுதி வைத்த சார்ட்டில் அது எங்கே தெரியும்? பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். பார்க்காத பிபியை எழுதாதே. கொடுக்காத மருந்துக்குக் கையெழுத்துப் போடாதே. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. ஒயிட்னர் வார்டுக்குள்ளேயே வரக்கூடாது. சொல்லத் தெரியாததைக் கற்றுக்கொடுத்துவிடலாம், இல்லாததை எழுதும் பழக்கத்தை என்னால் யாருக்கும் மாற்ற முடிந்ததில்லை.

இங்கிலீஷே வேண்டாமா என்றால், வேண்டும். சார்ட் இங்கிலீஷில், பாடம் இங்கிலீஷில், மருந்துப் பெயர் இங்கிலீஷில். வெளி மாநில டாக்டரும் நர்ஸும் நிறைந்த ஊர் இது. ஆனால் உனக்கு வேண்டிய இங்கிலீஷ் சின்னது. 'கான்ஷியஸ் அண்ட் ஓரியன்டட்', 'அஃபெப்ரைல்', 'டிரெஸ்ஸிங் ட்ரை', 'கேத்தீட்டர் டிரெய்னிங் வெல்', 'நோ ஃப்ரெஷ் கம்ப்ளெயின்ட்ஸ்', இந்த ரகம்தான். ஒரு ஷிஃப்ட் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, ஒரு பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டு வா. என் கணக்கில் ஐம்பது அறுபதுக்கு மேல் தேறாது. ராத்திரி ஹாஸ்டலில் ரூம்மேட்டை எதிரில் உட்கார வைத்து, பெயர் ஊர் இல்லாத ஒரு கற்பனை நோயாளியை இரண்டு நிமிஷத்தில் ஒப்படைத்துப் பார். அவள் தோழியாக இல்லாமல் சிடுசிடு சிஸ்டராக நடிக்கட்டும். நடுவில் "டிரெயின் எவ்வளவு வந்தது?" என்று வெட்டிக் கேட்கட்டும். மூன்று மாதம் செய்தால் நடுக்கம் முழுசாகப் போகாது, பேச்சு நிற்காமல் வரும். எனக்கு அது போதும்.

உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மதிப்பு உனக்குத் தெரியவில்லை. அது உன் ஊர்த் தமிழ்.

ஒரு தடவை எக்ஸ்ரேவுக்கு அனுப்புவதற்கு முன்னால், வெளி மாநிலத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சிஸ்டர், ஒடுகத்தூர்ப் பக்கத்து இளம்பெண்ணிடம் அரைகுறைத் தமிழில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டார். கூட வந்த மாமியார், "மருமவ முழுவாம கீறா" என்றார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லைம்மா, வந்து குளிச்சுக்கலாம்" என்று சொல்லி ஸ்லிப்பை நீட்டிவிட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் ஓடிப் போய்ப் பிடித்தேன். முழுகாமல் இருக்கிறாள் என்றால் மாசமாக இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

நமக்குத் தமிழ் தெரியும் என்பதாலேயே நாம் விழுகிற பள்ளங்களும் உண்டு. 'மயக்கம்' என்ற ஒரு வார்த்தை போதும். "மயக்கமா வந்துச்சு" என்பார்கள். தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவு தப்பிக் கீழே விழுந்தாரா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. "விழுந்தீங்களா? விழுந்தது ஞாபகம் இருக்கா? யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்காமல் சார்ட்டில் 'கிடினெஸ்' என்று எழுதிவிடாதே. "வவுத்தால போவுது" என்றால் எத்தனை தடவை, தண்ணியாகவா, ரத்தம் உண்டா. எல்லாவற்றையும் விட மோசமானது 'கேஸ்', அதாவது வாயு. "மாரு கெட்டியா புடிச்சிக்கினு கீது, கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்" என்று சொல்லிக்கொண்டே மாரடைப்போடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் கேஸ் என்று சொன்னதை நீயும் கேஸ் என்று போய்ச் சொன்னால் எல்லாரும் அசட்டையாக இருந்துவிடுவார்கள். எங்கே பிடிக்கிறது என்று கையால் காட்டச் சொல், தோளுக்கோ தாடைக்கோ இழுக்கிறதா, வேர்க்கிறதா என்று கேள், அவர் சொன்ன வார்த்தையையும் நீ பார்த்ததையும் தனித்தனியாகச் சொல்.

இங்கே ஒரு பழைய செய்தி. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-ல் வேலூரில் திறந்தது பெண்களுக்கான ஆஸ்பத்திரி. ஆண் டாக்டர் கை வைப்பதைவிடச் செத்துப் போகலாம் என்று குடும்பங்கள் இருந்த காலம். 1909-ல் நர்சிங் பள்ளியும் ஆரம்பமாயிற்று, 1946-ல் டிகிரிப் படிப்பும் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. ரவுண்ட்ஸில் "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்று சொன்ன அம்மா, டாக்டர் அடுத்த பெட்டுக்கு நகர்ந்ததும் உன் முந்தானையை, இப்போது கோட்டை, இழுத்து வெள்ளைப்படுவதைப் பற்றிக் காதோடு சொல்வார். ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு பத்து நிமிஷம் பெண்கள் வார்டில் வெறுமனே ஒரு நடை நட. வருகிற தகவல் வேறு எங்கேயும் வராது. வந்ததை அவரிடம் கேட்டுக்கொண்டு சிஸ்டரிடம் சேர்த்துவிடு.

நாம் சொல்வது அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது அடுத்த கூத்து. மறுநாள் ஆபரேஷன். "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதீங்க ஐயா" என்று என் மாணவி ஒருத்தி அழகாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவரும் தலையாட்டினார். காலையில் ஆறரைக்குப் போனால் ஐயா கையில் டீ, மடியில் பன். "சாப்பிடக் கூடாதுன்னு சொன்னோமே?" "சாப்பிடலையேம்மா, டீதான் குடிச்சேன்." அவர் சொன்னது சரி. நம் வீடுகளில் சாப்பாடு என்றால் சோறு. இட்லியே டிபன் கணக்கில்தான் வரும், டீயும் பன்னும் எந்தக் கணக்கில்? ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. வேலையை விட்டு ஆம்பூரிலிருந்து வந்திருந்த மகன் கத்திய கத்தல் வார்டு முழுக்கக் கேட்டது.

அதிலிருந்து நாங்கள் சொல்லும் முறையை மாற்றினோம். "சோறு, டிபன், டீ, காபி, பால், பிஸ்கட், வெத்தலைபாக்கு எதுவும் இந்த மணிக்கு மேல் வாயில் போகக் கூடாது." தண்ணீர் எதுவரை என்பதை மயக்க டாக்டர் சொன்னபடி தனியாகச் சொல்வோம். சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்க மாட்டோம். அந்தக் கேள்விக்கு நம் ஜனம் எப்போதும் "புரிஞ்சுதும்மா" என்றுதான் சொல்லும், எதிரில் யூனிஃபார்ம் நிற்கிறதே. அதற்குப் பதில், "நாளைக்குக் காலையில டீக்காரர் கேனைத் தூக்கிக்கிட்டு வருவாரே, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்போம். "ஒரு அரை டீ மட்டும்..." என்று ஆரம்பித்தால், இன்னும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மாத்திரை சொல்லிக்கொடுக்கும்போதும் அப்படித்தான். அவர் கையில் அட்டையைக் கொடுத்து, ராத்திரி எது என்று எடுத்துக் காட்டச் சொல்.

வேலூர் என்பதால் தமிழ் மட்டும் போதாது. தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்தைப் பார்த்திருப்பாய். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசுகிறவர்கள், காட்பாடி தாண்டி சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்குக்காரர்கள். வலி, காய்ச்சல், தண்ணீர், மூச்சு, ஒண்ணுக்கு என்று ஒரு பத்து வார்த்தையை இந்த மொழிகளில் எழுதி வைத்துக்கொள். இந்தியில் 'தர்த்', தெலுங்கில் 'நொப்பி'. ஆனால் பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு ஆபரேஷன் சம்மதத்தை விளக்கப் போய்விடாதே, அதற்கு மொழி தெரிந்த ஆளைத் தேடச் சொல். கூட வந்த சின்னப் பையனை வைத்து அவன் அம்மாவின் மாதவிடாயைப் பற்றிக் கேட்பது போன்ற கொடுமை வேண்டாம். இரண்டு பேருக்கும் அது தண்டனை.

உன்னைத் திட்டிய சிஸ்டர் விஷயம். நோயாளி எதிரில் மாணவியைத் திட்டுவது தப்பு. நானும் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. திட்டு வாங்கியவள் ஊசியோடு வந்தால் அந்த நோயாளிக்குக் கை நீட்ட மனசு வருமா? அந்த நேரத்தில் நீ எதிர்த்துப் பேசாதே, விளக்கமும் சொல்லாதே. "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு கையில் இருக்கும் வேலையை முடி. டியூட்டி முடியும்போது தனியாகப் போய், "காலையில அந்த ஐயா விஷயத்துல நான் முதல்ல எதைச் சொல்லியிருக்கணும் சிஸ்டர்?" என்று கேள். பத்தில் எட்டுப் பேர் இந்தக் கேள்விக்கு இறங்கி வந்துவிடுவார்கள். மீதி இரண்டு பேர் அப்போதும் மட்டம் தட்டுவார்கள். அது தினமும் நடந்தால் பாத்ரூமில் போய் அழாமல், என்ன, எப்போது, யார் எதிரில் என்று தேதியோடு எழுதி உன் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் கொடு. எழுதத்தான் உனக்கு நன்றாக வருகிறதே.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. 'ஹெர்னியா கேஸ்', 'அந்த 12-ஆம் பெட்' என்று நோயாளி காதில் விழும்படி சொல்லாதே, அவருக்குப் பெயர் இருக்கிறது. ஐயா, அம்மா, அண்ணா, அக்கா எதுவும் சரி, ஆனால் ஐம்பது வயசுக்காரரைத் தாத்தா என்று கூப்பிட்டு வைக்காதே, மனசு விட்டுப்போகும். அவர் உன்னை 'ஏ பொண்ணு' என்றாலும் நீ 'வாங்க, சொல்லுங்க'தான். முதல் நாளே பெயரைச் சொல்லி, நர்சிங் மாணவி என்றும் சொல்லிவிடு. ஊசிக்கு முன்னால் "நீங்கதானே முருகேசன்?" என்று கேட்காதே, அரைத்தூக்கத்தில் யாரும் ஆமாம் என்பார்கள். "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையில் இருக்கும் நம்பரையும் பார். குடியாத்தம் பஸ்ஸில் தோழியோடு வார்டுக் கதை வேண்டாம், முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது அந்த நோயாளியின் சம்பந்தியாக இருக்கலாம். வார்டில் ரீல்ஸ் எடுப்பதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

கடைசியாக அந்த அம்மா. கட்டி கேன்சரா என்று கேட்டவர்.

நீ சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நம் வாயில் முதலில் வருவதே 'ஒண்ணும் இல்லை'தான். குழந்தை கீழே விழுந்தாலும் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் பயாப்சி முடிவு வராத நிலையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு வேறு மாதிரி வந்தால் அவர் நம்மில் யாரையும் நம்ப மாட்டார். அதோடு, அந்த ஒரு வார்த்தையால் அவர் கேட்க வந்ததையே நீ அடைத்துவிட்டாய். கேன்சரா என்று கேட்கிறவர் பல நேரம் கேட்க நினைப்பது வேறு. பொண்ணு கல்யாணம் வைத்திருக்கிறேனே, நடத்திப் பார்ப்பேனா? வீட்டுக்காரருக்குச் செலவு தாங்குமா? மார்பை எடுத்துவிடுவார்களா? நோயைச் சொல்வது டாக்டர் வேலை, அதில் நீ நுழையக் கூடாது. பயத்தைக் கேட்பது உன் வேலைதான். வெளியே கதவோரம் நின்று அவரைப் பற்றிக் கிசுகிசுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது நோயாளிக்குச் செய்யும் கொடுமை என்று நவீன நர்சிங்கின் முன்னோடி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதி வைத்துவிட்டார், நாம் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்.

அவர் இன்னும் வார்டில் இருந்தால் அடுத்த போஸ்டிங்கில் போ. பிபி கருவியைத் தூக்கிக்கொண்டு போகாதே, வெறும் கையோடு போ. ஸ்டூல் இருந்தால் இழுத்துப் போட்டு, அவர் கண் உயரத்துக்கு உட்கார். "அம்மா, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் அவசரத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அது எனக்குத் தெரியாதும்மா, டாக்டர்தான் சொல்லணும். நீங்க கேட்கணும்னு நினைக்கிறீங்கன்னு சிஸ்டர்கிட்ட சொல்லட்டுமா?" என்று சொல். அப்புறம், "உங்களுக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. உடனே பதில் வராது. முந்தானையால் முகத்தைத் துடைப்பார், ஜன்னல் பக்கம் பார்ப்பார், "காபி குடிச்சியாம்மா?" என்று உன்னைக் கேட்பார். அந்த இடைவெளியை நிரப்பப் போகாதே, உட்கார்ந்திரு. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து, சிஸ்டரிடம் அவர் வார்த்தையிலேயே சொல். தமிழிலேயே சொல்.